தலை சுத்தாதா? விழுந்தவருக்கு எப்படிப் பதக்கம்? ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி ரசிகர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஐஸ் தரையில் ஒற்றைக் காலில் நின்று கண் இமைக்காமல் சுழல்வது, ஓடிவந்த வேகத்தில் காற்றில் எழும்பி நாலு சுற்று சுற்றி மெல்லிய பிளேடு மேல் வந்து இறங்குவது என ஃபிகர் ஸ்கேட்டிங் வீடியோக்கள் மொபைலில் வந்தால் யாரும் சட்டென்று தள்ளிவிடுவதில்லை. ஐஸ் என்றாலே ஐஸ் கம்பெனியில் பார்க்கும் கட்டிதான் என்று இருக்கும் தேனி மாவட்டத்திலும் அப்படித்தான். பெரியகுளம் வெயிலில் நின்று அந்த வீடியோவைப் பார்ப்பவருக்கு ஆச்சரியம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஆச்சரியத்தோடு கேள்விகளும் வரும். தலை சுத்தாதா? விழுந்தவருக்கு ஏன் மார்க் கிடைக்கிறது? கொடைக்கானல் குளிரில் இதை ஆட முடியாதா? நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்டுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதுக்கு முன்னாடி: ஃபிகர் ஸ்கேட்டிங்னா என்ன?

மலைச்சரிவில் குச்சி ஊன்றிப் பனியில் சறுக்குவது ஸ்கீயிங். ஃபிகர் ஸ்கேட்டிங் வேறு. சமமான ஐஸ் தளத்தில், அடியில் எஃகு பிளேடு பொருத்திய பூட்ஸ் அணிந்து, இசைக்கு ஏற்றபடி ஆடும் போட்டி இது. ஆண்கள் தனிநபர், பெண்கள் தனிநபர், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவுகள். ஒலிம்பிக்கில் அணிப் போட்டியும் உண்டு.

'ஃபிகர்' என்ற பெயர் எதனால்? அந்தக் காலத்தில் ஐஸ் மீது பிளேடால் எட்டு, வட்டம் போன்ற உருவங்களைத் துல்லியமாக வரைந்து காட்டுவதுதான் முக்கியமான தேர்வு. கோலம் மாதிரி, கோடு பிசகக் கூடாது. 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளில் அந்தச் சுற்று நீக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னொரு தகவல்: குளிர்கால ஒலிம்பிக் 1924-ல்தான் தொடங்கியது. ஆனால் ஃபிகர் ஸ்கேட்டிங் அதற்கு முன்பே, 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது.

இவ்வளவு வேகமா சுத்தினா தலை சுத்தாதா?

சுத்தும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் சுத்தும்.

நம் உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று சின்னக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அந்தத் திரவம் நகரும். மூளைக்கு 'நீ சுத்துறே' என்று தகவல் போகும். நாம் நின்ற பிறகும் திரவம் உடனே நிற்காது. திருவிழா ராட்டினத்தில் இருந்து இறங்கியதும் தரை ஆடுவதுபோல் தெரிவது இதனால்தான்.

ஸ்கேட்டர்களின் காதிலும் அதே திரவம்தான். ஆண்டுக்கணக்கில் தினமும் சுழன்று பழகியதால் அந்தத் தகவலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க மூளை கற்றுக்கொள்கிறது. கதக் கலைஞர்கள் சுழலும்போது ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சட்டென்று திருப்புவார்கள். ஐஸில் வேகம் அதிகம் என்பதால் அது முடியாது. அதனால் சுழன்று முடிந்ததும் எதிரே உள்ள ஏதாவது ஒரு பொருளில் கண்ணை நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த அசைவைத் தொடங்கும்போது வேண்டுமென்றே ஒரு விநாடி கையை விரித்து நிற்பதைக் கவனித்தால் தெரியும்.

எவ்வளவு வேகம்?

2015-ல் ஒலிவியா ஆலிவர் என்ற இளம் வீராங்கனை நிமிடத்துக்கு 342 சுற்று என்ற வேகத்தில் சுழன்று கின்னஸ் சாதனை படைத்தார். வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 முதல் 400 சுற்று வரை சுற்றும். கிட்டத்தட்ட அந்த வேகத்தில் ஒரு மனித உடல்!

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? சுழலும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கையை அகல விரித்துக்கொண்டு, யாரையாவது மெதுவாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். சுற்றும்போதே கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்தால் நாற்காலி தானாக வேகம் பிடிக்கும். வெளியிலிருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை. எடை நடு அச்சுக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும், விரித்தால் குறையும். ஸ்கேட்டர் கையையும் காலையும் ஒடுக்கிக்கொள்வது அழகுக்காக மட்டும் இல்லை.

தாவலிலும் இதே கணக்குதான். நாலு சுற்றுத் தாவலில் ஸ்கேட்டர் காற்றில் இருப்பது சுமார் 0.7 விநாடி. அதற்குள் நாலு சுற்று முடிய வேண்டும் என்றால் உடலை எவ்வளவு இறுக்கமாக ஒடுக்க வேண்டும் என்று பாருங்கள்.

அந்த பிளேடுல அப்படி என்ன இருக்கு?

பார்க்கக் கத்தி மாதிரி இருந்தாலும் அது கூர்முனை கிடையாது. பிளேடின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அடிப்பகுதியில் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அதனால் ஒரு பிளேடுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு விளிம்புகள். ஸ்கேட்டர் எந்த விளிம்பில் சாய்கிறார் என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. தவறான விளிம்பில் இருந்து தாவினால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் மார்க் குறையும்.

பிளேடின் முன்பக்கம் ரம்பப் பல் மாதிரி சில பற்கள் இருக்கும். தாவும்போது ஐஸில் குத்தி எழும்ப அது உதவும். ஐஸ் ஹாக்கி பிளேடில் இந்தப் பற்கள் கிடையாது. புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி முகம் குப்புற விழுவதற்கும் பெரும்பாலும் இதே பற்கள்தான் காரணம்.

ஆக்ஸல், லட்ஸ், சால்கோ... வர்ணனையில இதெல்லாம் என்ன?

எல்லாம் தாவல்களின் பெயர்கள். முக்கியமானவை ஆறு: டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்ஸல். இதில் மூன்று, கண்டுபிடித்த ஆட்களின் பெயர். ஆக்ஸல் பால்சன் நார்வேக்காரர், 1882-ல் செய்து காட்டினார். உல்ரிச் சால்கோ ஸ்வீடன்காரர். 1908 ஒலிம்பிக் தங்கமும் அவருக்குத்தான். அலாய்ஸ் லட்ஸ் ஆஸ்திரியாக்காரர்.

வீட்டில் இருந்து பார்க்கும்போது ஆக்ஸலை மட்டும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். மற்ற ஐந்து தாவல்களிலும் ஸ்கேட்டர் பின்பக்கமாகச் சறுக்கிவந்து எழும்புவார். ஆக்ஸலில் மட்டும் முகம் முன்னோக்கி இருக்கும். ஆனால் இறங்குவது எப்போதும் பின்நோக்கித்தான். அதனால் ஆக்ஸலில் கூடுதலாக அரைச் சுற்று போட்டே ஆக வேண்டும். டிரிபிள் ஆக்ஸல் என்றால் மூன்று சுற்று இல்லை, மூன்றரை.

நாலரைச் சுற்று ஆக்ஸலை மனிதரால் முடியாது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின், போட்டியில் அதை முதன்முதலாகச் சரியாகச் செய்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 17.

இறங்கும்போது கால் வலிக்காதா?

வலிக்கும். ஒற்றைக் காலில் இறங்கும் அந்த நொடியில் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கோ அதற்கும் மேலோ விசை காலில் விழும். 40 கிலோ எடையுள்ள பெண் என்றால் 200 கிலோவுக்கு மேல். 50 கிலோ மூட்டை நாலை ஒரே காலில் இறக்கியது மாதிரி. இதை ஒருநாள் போட்டிக்காகச் செய்வதில்லை. பயிற்சியில் தினமும் பலமுறை செய்கிறார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு ஆகிய இடங்களில் காயம் இந்த விளையாட்டில் சகஜம்.

ஐஸ் மெத்தை மாதிரி இருக்குமே என்று நினைக்க வேண்டாம். அது கான்கிரீட் மேல் உறைந்த சில சென்டிமீட்டர் ஐஸ். அதனால் பயிற்சியில் தாவக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு விழக் கற்றுக்கொடுப்பார்கள். கையை ஊன்றாமல், பக்கவாட்டில், தலை தரையில் படாமல் விழ வேண்டும்.

விழுந்தவர் எப்படி ஜெயிக்கிறார்?

சோஷியல் மீடியாவில் அதிகம் சண்டை நடப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

பழைய முறையில் நடுவர்கள் ஆறுக்கு எத்தனை என்று மார்க் போடுவார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கிடைத்தது. பிரெஞ்சு நடுவருக்கு அழுத்தம் தரப்பட்டதாகப் புகார் வெடித்து, கடைசியில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் தர வேண்டியதாயிற்று. அதன் பிறகு மார்க் போடும் முறையையே மாற்றினார்கள்.

இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் கடினத்தைப் பொறுத்து ஒரு அடிப்படை மதிப்பு இருக்கிறது. அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று ஒன்பது நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போடுவார்கள். மிக அதிகம் ஒன்றையும் மிகக் குறைவு ஒன்றையும் நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். சறுக்கும் திறன், நடன அமைப்பு, வெளிப்படுத்தும் விதம் ஆகியவற்றுக்குத் தனி மார்க்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நாலு சுற்று லட்ஸ் தாவலின் அடிப்படை மதிப்பு 11.5. நாலு சுற்றையும் முடித்துவிட்டு இறங்கும்போது விழுந்தால் பாதி போகும்: 5.75. விழுந்ததற்கு இன்னும் 1 புள்ளி கழியும்: 4.75. மூன்று சுற்று டோ லூப்பை விழாமல் செய்தால் அடிப்படை மதிப்பு 4.2. அதாவது பெரிய தாவலில் விழுந்தவர், சின்னத் தாவலைச் சாதாரணமாக முடித்தவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிடுகிறார். 'ரிஸ்க் எடுத்ததுக்கு மதிப்பு' என்று ஒரு தரப்பும், 'விழுந்து எழுவதா ஆட்டம்' என்று இன்னொரு தரப்பும் வாதிடுவது இதனால்தான்.

டிரஸ் அறுந்தா மார்க் போகுமா?

போகும். உடையில் இருந்து இறகோ, பாசியோ ஐஸில் விழுந்தால் 1 புள்ளி வரை கழிக்கலாம். காரணம் அழகு இல்லை, ஆபத்து. வேகமாக வரும் பிளேடு ஒரு சின்னப் பாசியில் ஏறினாலும் ஆள் தூக்கியெறியப்படுவார்.

கையும் முதுகும் வெறுமையாகத் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் அது தோல் இல்லை. தோல் நிறத்தில் நெய்த வலைத்துணி. பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்ற விதியும் 2004-லேயே போய்விட்டது. பேன்ட் அணிந்தும் ஆடலாம்.

நம்ம ஊர்ப் பாட்டுக்கு ஆடலாமா?

தாராளமாக. தனிநபர், ஜோடிப் பிரிவுகளில் பாடல் வரி உள்ள இசைக்கு முன்பு அனுமதி இல்லை. 2014-15 சீசனில் இருந்து அனுமதி உண்டு. ஐஸ் டான்ஸில் அதற்கு முன்பே இருந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் ஜோடி ஒரு சுற்றில் இந்தி சினிமாப் பாடல்களுக்கு ஆடியது. அந்த ஒலிம்பிக்கில் அவர்களுக்கு வெள்ளி. எந்தப் பாடலாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் காப்புரிமை அனுமதி வாங்கியாக வேண்டும்.

அந்தர்பல்டி அடிக்கலாமா?

நீண்ட காலம் தடை இருந்தது. 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெர்ரி குபிகா பின்பக்கமாகப் பல்டி அடித்தார். ஆபத்தானது என்று அதன்பிறகு தடை போட்டார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் பிரான்ஸின் சூர்யா போனலி, மார்க் போனாலும் பரவாயில்லை என்று பல்டி அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். அவருக்கு மார்க் கழித்தார்கள். ரசிகர்கள் இன்றுவரை அந்த வீடியோவைப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். 2024-ல் தடை நீக்கப்பட்டது.

சின்னப் பிள்ளைகள்தான் ஜெயிக்கிறார்களா?

அப்படி ஒரு காலம் இருந்தது. உயரமும் எடையும் குறைவாக இருந்தால் காற்றில் சுழல்வது சுலபம். அதனால் பெண்கள் பிரிவில் பருவ வயதுக்கு முந்தைய உடல்வாகு சாதகமாக இருந்தது. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கசக்கிப் பிழிகிறார்கள் என்ற விமர்சனமும் கூடவே எழுந்தது.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அது வெடித்தது. ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கு அப்போது 15 வயது. அவரிடம் முன்னதாக எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது ஒலிம்பிக் நடக்கும்போதே தெரியவந்தது. உலகமே பார்க்க, அந்தச் சிறுமி தனிநபர் போட்டியில் பலமுறை தடுமாறி நான்காவது இடத்துக்குப் போனார். 2024-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டு தடை விதித்தது. 15 வயதுப் பிள்ளைக்கு மருந்து எப்படிப் போனது, பெரியவர்களின் பொறுப்பு என்ன என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அந்த ஆண்டே சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் விதியை மாற்றியது. சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 15-ல் இருந்து படிப்படியாக 17 ஆனது. 2024-25 சீசன் முதல் 17 நடைமுறைக்கு வந்துவிட்டது.

கொடைக்கானல்ல உறைபனி விழுதே, அங்க ஆட முடியாதா?

பெரியகுளத்தில் இருந்து அண்ணாந்து பார்த்தாலே கொடைக்கானல் மலை தெரியும். டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் செய்தியில் வரும். அதனால் இது நியாயமான கேள்விதான்.

ஆனால் அது புல்லின் மேல் படியும் மெல்லிய படலம். வெயில் ஏறியதும் உருகிவிடும். ஏரித் தண்ணீர் உறைவதில்லை. ஸ்கேட்டிங்குக்குப் பல வாரங்கள் தொடர்ந்து இரவில் உறைநிலைக்குக் கீழே குளிர் இருக்க வேண்டும்.

இமாச்சலத்தின் சிம்லாவில் அது நடக்கிறது. 1920 முதல் அங்கே இயற்கை ஐஸ் தளம் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் தரையில் தண்ணீரைப் பாய்ச்சி, அடுக்கடுக்காக உறையவிட்டுத் தளம் அமைக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கொடைக்கானலும் சிம்லாவும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டும் 2,100, 2,200 மீட்டர் அளவில்தான். வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான். கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரியில், சிம்லா 31 டிகிரியில். குளிர்காலச் சூரியன் அங்கே சாய்வாக விழும். இங்கே அப்படி இல்லை. மேகமூட்டமும் வெப்பமும் கூடினால் சிம்லாவிலேயே ஐஸ் பிடிக்காமல் பல நாட்கள் ஆட்டம் ரத்தாகும்.

அப்போ வெயில் ஊர்ல ஐஸ் தளமே கட்ட முடியாதா?

கட்டலாம். ஐஸ் கம்பெனியில் உப்புக் கரைசலைக் குளிரவைத்து, அதில் தண்ணீர் டின்களை இறக்கிக் கட்டி பிடிக்கிறார்கள் இல்லையா? ஐஸ் தளத்திலும் அதே முறைதான். கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து, குளிர்ந்த கரைசலை அதில் ஓட்டுவார்கள். மேலே தண்ணீர் தெளித்து, மெல்லிய அடுக்குகளாக உறையவைப்பார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு ஐஸ் மைனஸ் 3 முதல் மைனஸ் 5 டிகிரி வரை இருந்தால் போதும்.

ஐஸ் தளத்தைச் சமன்படுத்தும் பெரிய வண்டியை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஜம்போனி. அதை 1949-ல் உருவாக்கிய ஃபிராங்க் ஜம்போனி, வெயில் ஊரான கலிஃபோர்னியாவில் ஐஸ் கட்டி வியாபாரம் செய்தவர். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்து வியாபாரம் படுத்ததும், கையில் இருந்த தொழிலறிவை வைத்து 1940-ல் ஸ்கேட்டிங் தளம் திறந்தார்.

ஆக, தடை வெயில் இல்லை, செலவு. ஒலிம்பிக் அளவுத் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை வருடம் முழுக்க உறைநிலையில் வைக்க மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். உத்தராகண்டின் டேராடூனில் 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக அப்படி ஒரு தளம் கட்டினார்கள். போட்டி முடிந்த பிறகு பத்தாண்டுக்கும் மேல் அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. 2025-ல்தான் மறுபடி உயிர்பெற்று, தேசிய ஐஸ் ஸ்கேட்டிங் போட்டியும் ஆசிய அளவிலான வேக ஸ்கேட்டிங் போட்டியும் அங்கே நடந்தன.

இந்தியாவுல யாராவது ஆடுறாங்களா?

ஆடுகிறார்கள். 2000-களின் பிற்பகுதியில் ஆமி பரேக் இந்தியாவுக்காக உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். இப்போது தெரிந்த பெயர் தாரா பிரசாத். தேசியச் சாம்பியன் பட்டங்களை வென்ற இவர், 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசிய குளிர்கால விளையாட்டில் பெண்கள் பிரிவில் எட்டாவது இடம் பிடித்தார். இருவருக்கும் ஒரு ஒற்றுமை: இருவரும் அமெரிக்காவில் பிறந்து, அங்குள்ள ஐஸ் தளங்களில் கற்றவர்கள்.

ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இதுவரை எந்த இந்தியரும் ஆடியதில்லை. திறமை இல்லாததால் என்று சொல்லிவிட முடியாது. தினமும் காலையில் எழுந்து போய்ப் பயிற்சி எடுக்க அருகில் தளம் இல்லாமல் இந்த விளையாட்டைக் கற்க வழியே இல்லை.

பெரியகுளத்துப் பிள்ளைக்கு என்ன வழி?

சக்கரம்.

'ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங்' என்று ஒரு பிரிவு உண்டு. ஃபிகர் ஸ்கேட்டிங்கின் அதே ஆக்ஸல், லட்ஸ், சால்கோ, அதே சுழல்கள், அதே இசை. ஐஸுக்குப் பதில் வழுவழுப்பான தரை, பிளேடுக்குப் பதில் நாலு சக்கரம், முன்பற்களுக்குப் பதில் ரப்பர் கட்டை. ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தப் பிரிவில் தனிநபர், ஜோடி என இரண்டு வெண்கலம் வென்றவர். பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றார்.

தமிழ்நாட்டின் பலம் வேக ஸ்கேட்டிங். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டும் வெண்கலம் வென்றன. பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார் ஆகிய தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்தனர். ஆனந்த்குமார் அதோடு நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டரில் தங்கம் வென்று, இந்த விளையாட்டில் முதல் இந்திய உலகச் சாம்பியன் ஆனார். 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் அவருக்குத்தான்.

சரி, சக்கரத்தில் கற்றவர் ஐஸுக்குப் போக முடியுமா? போயிருக்கிறார்கள். 1998 ஒலிம்பிக் சாம்பியன் தாரா லிபின்ஸ்கி மூன்று வயதில் ரோலர் ஸ்கேட்டிங்கில்தான் தொடங்கினார். ஆறு வயதில்தான் ஐஸுக்கு மாறினார். அமெரிக்காவின் எரின் ஜாக்சன், வெப்பமான ஃபுளோரிடாவின் ஒகாலாவில் சக்கர ஸ்கேட்டிங்கில் வளர்ந்தவர். ஐஸில் முறையாகப் பயிற்சி தொடங்கிய சில மாதங்களிலேயே 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2022-ல் 500 மீட்டர் வேக ஸ்கேட்டிங்கில் தங்கம்.

எல்லாமே அப்படியே மாறிவிடாது. பிளேடின் விளிம்பில் சாயும் நுணுக்கத்தை ஐஸில்தான் கற்க முடியும். ஆனால் சமநிலை, காற்றில் உடலை ஒடுக்குவது, சரியாக விழுவது, இசைக்கு நகர்வது ஆகியவற்றைச் சக்கரத்திலேயே கற்றுவிடலாம்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

• முதலில் ஸ்கேட் வாங்க வேண்டாம். பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். நாலு சக்கரமும் ஒரே வரிசையில் இருப்பது வேக ஸ்கேட்டிங்குக்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இருப்பது ஆர்ட்டிஸ்டிக் பிரிவுக்கு. மாற்றி வாங்கினால் பணம் வீண்.

• 'வளர்ற பிள்ளைதானே' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கக் கூடாது. பூட்ஸ் தளர்ந்தால் கணுக்கால் மடங்கும்.

• ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுப் பாதுகாப்பு உறைகள் இல்லாமல் இறக்க வேண்டாம். ரோட்டில் பழகவே கூடாது. வாகனம் வராத, மணல் இல்லாத, சமமான தரை வேண்டும்.

• முதல் சில வகுப்புகளில் விழவும் நிற்கவும் சொல்லித் தராமல் நேராக ஓட்டவிடும் பயிற்சியாளர் என்றால் யோசியுங்கள்.

• போட்டி, சான்றிதழ் பற்றிய விவரங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் தெரியாத சங்கம் நடத்தும் போட்டிக்குப் பணம் கட்டும் முன், அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

• வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அவசரம் எதுவும் இல்லை. சீனியர் போட்டிக்கு 17 வயது ஆக வேண்டும் என்பதுதான் இப்போதைய விதி. இன்று பெரியகுளத்தில் ஏழு வயதில் சக்கரம் மாட்டும் பிள்ளைக்குக் கையில் இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அதற்குள் தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் தளம் வருமா என்பதுதான் மீதமுள்ள கேள்வி.